மறந்துபோன வண்டிப்பாதைகள்: வாசகர் கேள்வி – பதில்

நான்கு சக்கர இயக்க வண்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வண்டியைப் பற்றிக் கேட்காமல் அதை ஓட்டுவதற்குரிய இடத்தைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் காவிரி டெல்டாவின் கடினமான, கைவிடப்பட்ட தடங்களைக் குறித்தவை.

கேள்வி: பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வைத்திருக்கிறேன். நண்பர்கள் எல்லோரும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போகச் சொல்கிறார்கள். மேடு பள்ளமே இல்லாத நம் பகுதியில் அந்த வண்டிக்கு வேலை வைக்கும் பாதைகள் உண்டா? உண்டென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு. மலைப் பாதையின் சிரமம் ஏற்றத்தில் இருக்கிறது. டெல்டாப் பாதையின் சிரமம் மண்ணில் இருக்கிறது. மழை பெய்து ஊறிய களிமண்ணில் நூறு மீட்டர் தூரத்தைக் கடப்பது, சரளைக்கல் மலையேற்றத்தைவிட ஓட்டுநரின் நிதானத்தை அதிகமாகச் சோதிக்கும். இத்தகைய பாதைகள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடம்பெறுவதில்லை என்பதால், அவற்றைத் தேட வேண்டிய முதல் இடம் வருவாய்த் துறையின் ஆவணங்களே என்பது என் கருத்து.

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் உண்டு. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணும் நன்செய், புன்செய், புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும்; புறம்போக்கிலும் வாய்க்கால், களம், சுடுகாடு, வண்டிப்பாதை என்று பயன்பாடு தனியே குறிக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசிச் சொல்தான். மாட்டு வண்டியில் நெல் ஏற்றிச் சென்ற காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த வண்டிப்பாதைகளில் பல இன்று தார்ச் சாலைகளாகிவிட்டன. எஞ்சியவை பதிவேட்டில் மட்டும் பாதையாகவும், நேரில் முட்புதராகவும் கிடக்கின்றன. தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் புல எண்ணைக் கொடுத்து 'அ' பதிவேட்டின் விவரத்தைப் பார்க்கலாம். கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பாதை எங்கே தொடங்கி அடுத்த ஊரின் எல்லையில் எந்தப் பாதையோடு சேர்கிறது என்பது அதில்தான் ஒரே பார்வையில் தெரியும். இந்தத் தேடலுக்கு இன்னொரு பயனும் உண்டு: நீங்கள் செல்லப்போவது பொதுப் பாதையா, ஒருவருடைய பட்டா நிலமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. பதிவேட்டில் பாதை என்றிருந்து, நேரில் அது உழப்பட்டு நாற்று நட்டிருந்தால், சட்டம் பேசிக்கொண்டு அதில் வண்டியை இறக்காதீர்கள்; ஆக்கிரமிப்பை அகற்றுவது அரசின் வேலை, ஜீப்பின் வேலை அன்று.

அடுத்தது இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், வேதாரண்யம் ஆகியவை பழைய வரிசை எண்படி 58 'என்' (N) தாளிலும், மயிலாடுதுறையும் அதற்கு வடக்கே உள்ள பகுதிகளும் 58 'எம்' (M) தாளிலும் அடங்கும். இவை ஒவ்வொன்றும் 1:50,000 அளவில் பதினாறு தாள்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பழைய நூலகம் எதிலாவது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த முந்தைய தாள்கள் கிடைத்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய தாளில் விட்டுவிட்டு வரும் சிவப்புக் கோடாக வண்டிப்பாதை இருந்து, புதிய தாளில் அது இல்லையென்றால், உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

செயற்கைக்கோள் படங்களைப் பார்ப்பவர்கள் செய்யும் பிழை, கிடைத்த ஒரே படத்தை நம்புவது. பயிர் நிற்கும் மார்கழிப் படத்தில் அனைத்தும் பச்சையாகவே தெரியும். பழைய படங்களைத் தேதிவாரியாகக் காட்டும் வசதியைப் பயன்படுத்தி, ஏப்ரல், மே மாதங்களின் படங்களைத் தேர்ந்தெடுங்கள். வயல்கள் வெளுத்திருக்கும் அந்தப் படத்தில் பச்சை மாறாமல் நீளும் ஒரு குறுகிய பட்டை தெரிந்தால், அது பெரும்பாலும் தூர்ந்த வாய்க்கால் அல்லது சீமைக் கருவேலம் மண்டிய பாதை. இரண்டையும் பிரித்தறியச் செடிகளே உதவும்: நெய்வேலிக் காட்டாமணக்கும் கோரையும் இருந்தால் அடியில் நீர் தேங்கும் உளை இருக்கிறது, பனை வரிசையாக நின்றால் அது பெரும்பாலும் பழைய கரை அல்லது மேடு, அடிமண் இறுகியிருக்கும்.

நேரில் போகும்போது சுமைதாங்கிக் கல்லைக் கண்டால் நின்று பாருங்கள். தலைச்சுமையோடு நடந்தவர்கள் இறக்கி வைத்து இளைப்பாற நாட்டிய அந்தக் கல், வயல் நடுவே தனியாக நிற்கிறது என்றால், ஒரு காலத்தில் அவ்வழியே ஆட்கள் நடந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பழைய புளியமர வரிசைகளும் சத்திரங்களும் அப்படிப்பட்டவையே. இரண்டாம் சரபோஜி காலத்தில் 1802இல் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தம்பாள் சத்திரம், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக மராத்திய அரசர்கள் கட்டிய சத்திரங்களின் வரிசையில் ஒன்று. அந்த யாத்திரை வழியின் பெரும்பகுதி இன்று நெடுஞ்சாலைக்கு அடியில் இருக்கிறது. ஆனால் பழைய சாலை குளத்தைச் சுற்றியும் தோப்பைச் சுற்றியும் வளைந்த இடங்களில், புதிய சாலை நேராகச் சென்றுவிட, அந்த வளைவுகள் மட்டும் பக்கத்தில் தனித்துக் கிடப்பதுண்டு. புகழ்பெற்ற வழிகளில் முழுப் பாதையைத் தேடாமல் இத்தகைய எச்சங்களைத் தேடுவதே பயன் தரும். 1930இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த உப்புச் சத்தியாகிரக வழியைத் தொடர வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள்; வணங்கத்தக்க வழிதான், ஆனால் இன்று அதில் நான்கு சக்கர இயக்கத்துக்கு எந்த வேலையும் இல்லை.

இறுதியாக, யாரிடம் கேட்பது? தேநீர்க் கடையில் போய் "கரடுமுரடான பாதை எங்கே?" என்று கேட்டால் பாலம் வேலை நடக்கும் சாலையைத்தான் காட்டுவார்கள். அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிவந்து வயல்களில் கிடை போடும் கீதாரிகளிடம் கேளுங்கள். ஆயிரம் ஆடுகளைத் தார்ச் சாலையில் நெடுந்தூரம் ஓட்ட இயலாது என்பதால், ஊரார் மறந்த தடங்களையும் அவர்கள் மறப்பதில்லை. வாத்து மேய்ப்பவர்களும் அப்படியே. அவர்கள் சொன்ன பாதையையும் முதலில் நடந்து பார்த்துவிட்டு, பிறகே வண்டியைக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: கொள்ளிடக் கரையிலும் வெண்ணாற்றுக் கரையிலும் மண் பாதை நீளமாகச் செல்கிறது. அதில் ஜீப் ஓட்டலாமா? கோடையில் கொள்ளிடத்தின் மணலுக்குள் இறங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கரை என்பது சாலையாகத் தோன்றினாலும், வெள்ளத்தைத் தடுப்பதற்காகப் போடப்பட்ட மண்ணணையே அது. கல்லணை–பூம்புகார் சாலையைப் போலச் சில கரைகள் முறையான சாலைகளாக்கப்பட்டுள்ளன. அவற்றில் கேள்விக்கு இடமில்லை. மற்ற கரைகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. தடுப்புக் கம்பமோ சங்கிலியோ போட்டிருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போவது தவறு; அந்தப் பகுதியின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைச் சந்தித்து எழுத்தில் அனுமதி கேளுங்கள். கரையைக் காக்கும் லஸ்கரிடம் பேசினால், எந்த இடத்தில் கரை உள்வாங்கியிருக்கிறது என்பதை அலுவலகத்தைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

அனுமதி கிடைத்தாலும், ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில் மண் கரையில் ஓட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நண்டு வளைகளும் எலி வளைகளும் கரையைத் துளைத்திருக்கும். ஈரம் ஏறிய கரையின் விளிம்பில் ஒன்றே முக்கால் டன் வண்டியின் சக்கரம் பதித்த தடம், அடுத்த மழையில் நீர் வழியும் வாய்க்காலாகிறது. அந்த உடைப்பின் விலையைக் கரைக்குக் கீழே சம்பா நட்டவர்தான் கொடுப்பார்.

கொள்ளிடத்தின் மணலுக்குள் இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மணல் அள்ளிய பள்ளங்கள் வெள்ளத்தில் மெல்லிய வண்டலால் மூடப்பட்டு, மேலிருந்து பார்க்கச் சமதளமாகத் தோன்றும். அவற்றின் ஆழம் இறங்கிய பிறகே தெரியும். அணைக்கரைக்குக் கீழே தேங்கிய மடுக்களில் முதலைகள் வாழ்கின்றன என்பதால், சக்கரத்தைத் தோண்டி எடுக்கத் தண்ணீருக்குள் இறங்குவதும் அறிவுடைமை ஆகாது. மேட்டூரிலிருந்து உபரி நீர் வரும்போது அது முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத்தான் திருப்பப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஓடும் நீர் முழங்காலளவு இருந்தாலே சிறிய வண்டியைத் தூக்கிவிடும். நீரில் இவ்வளவு ஆழம் வரை செல்லலாம் என்று வண்டிக் கையேட்டில் எழுதியிருப்பது தேங்கிய நீருக்குச் சொன்னது.

கேள்வி: வேதாரண்யத்துக்கு அருகே உப்பு நிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாக இருக்கிறது. கோடியக்கரைக் காட்டுக்குள்ளும் கடற்கரையிலும் பழைய தடங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வழி சொல்வீர்களா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: காட்டுக்கும் கடற்கரைக்கும் வழி சொல்லமாட்டேன். கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். வெளிமான்களுக்காகவே காக்கப்படும் அந்த இடத்தில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வனத்துறை அனுமதித்த பாதையைத் தவிர வேறெதிலும் வண்டி செல்லக் கூடாது. நாகை மாவட்டக் கடற்கரையில் சனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மணலுக்குள் புதைந்த முட்டைகளுக்குச் சக்கரத்தின் எடை எமன். சக்கரத் தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலை அடைவதற்குள் காக்கைக்கு இரையாகும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் காப்புக் காடுதான். அங்கே போக ஒரே வழி வனத்துறை அனுமதியுடன் படகு.

சரணாலயத்துக்கு வெளியே உள்ள உப்பு நிலத்தில் பொதுப் பாதைகள் உண்டு, ஆனால் மேற்பரப்பை நம்பாதீர்கள். வெயிலில் காய்ந்து வெளுத்த ஓடு போன்ற மேல்மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் கருஞ்சேறு அப்படியே இருக்கும். நடந்து போகும்போது தாங்கிய ஓடு, வண்டி ஏறியதும் உடையும். உமரிச் செடி படர்ந்த இடத்தையும், மேற்பரப்பின் நிறம் திடீரென்று கறுக்கும் இடத்தையும் விலக்கி, உப்பு லாரிகள் ஓடிப் பதிந்த தடத்திலேயே செல்லுங்கள். ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பார்த்துக்கொண்டே ஒருவர் முன்னால் நடக்கட்டும். வீடு திரும்பிய அன்றே அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மறுநாள் என்று தள்ளினால் துரு உங்களுக்காகக் காத்திருக்காது.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது?
– வாசகர், திருவாரூர்

பதில்: மார்ச் முதல் மே வரை. மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12இல் திறக்கப்பட்டுச் சனவரி 28இல் மூடப்படுகிறது. இடையில் குறுவை, சம்பா, தாளடி என்று நிலம் ஓய்வதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வயல் பக்கமே போகாதீர்கள். சம்பா அறுவடை முடிந்த வயல் வெறுமையாகத் தெரிந்தாலும் அது தரிசு அன்று: அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே, ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பச்சைப் பயறும் தெளித்திருப்பார்கள், தாளுக்கு நடுவே அவை முளைத்துக்கொண்டிருக்கும். எனவே "காலியாகத்தானே கிடக்கிறது" என்று குறுக்கே போகும் வழக்கம் வேண்டாம். கடினத்தை விரும்புபவருக்குக் கோடை மழை பெய்த மறுநாள் காலை போதும். முதல் நாள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த களிமண் அன்று வேறு ஊராக இருக்கும்.

கேள்வி: மயிலாடுதுறை–தரங்கம்பாடி பழைய இரயில் பாதையின் மேட்டில் ஓட்டிச் செல்ல முடியுமா?
– வாசகர், செம்பனார்கோயில்

பதில்: உங்கள் ஊர் வழியாகச் சென்ற அந்த மீட்டர் கேஜ் பாதை 1926இல் திறக்கப்பட்டு 1986இல் நிறுத்தப்பட்டது. இரயில் நின்றாலும் நிலம் இரயில்வேயின் நிலமாகவே இருக்கிறது. அனுமதியின்றி நுழைவது அத்துமீறலாகவே கொள்ளப்படும். 'கைவிடப்பட்டது' என்று நாம் சொல்வதை இரயில்வே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை: நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை பல்லாண்டுகள் மூடிக் கிடந்து 2011இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது, திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளிப் பாதை 2023இல் அகலப் பாதையாக உயிர் பெற்றது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், மேட்டில் ஓட்டுவதில் பெரிய பயன் இல்லை. வாய்க்கால்களின் மேலிருந்த பாலங்களில் பல இன்று இல்லை. மேடு திடீரென்று முடிந்து எதிரே வெற்றிடம் இருக்கும், திரும்புவதற்கு அகலமும் இராது. மேட்டை ஒட்டிக் கீழே செல்லும் பொதுப் பாதைகளைக் கிராம வரைபடத்தில் பாருங்கள். நிலையங்களுக்கு நெல் வண்டிகள் வந்த வழி அவற்றில் இருக்கக்கூடும். ஒரு எச்சரிக்கை: அத்தகைய பாதைகளில் உள்ள செங்கல் வளைவுச் சிறுபாலங்களும், வாய்க்காலின் குறுக்கே போட்ட பனைமரத் துண்டுகளும் மாட்டு வண்டிக்காக அமைக்கப்பட்டவை. இறங்கி, அடியில் குனிந்து பார்த்த பிறகே ஏறுங்கள்.

கேள்வி: களிமண்ணில் வண்டி இறங்கிவிட்டது. டிராக்டரைக் கூப்பிட்டுச் சங்கிலி கட்டி இழுத்ததில் பின்பக்கக் கொக்கி பிய்ந்து வந்துவிட்டது. எது தவறு? சக்கரத்தில் காற்றை எவ்வளவு குறைக்கலாம்?
– வாசகர், பாபநாசம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சங்கிலி டிரெய்லரை இணைக்கும் உருண்டைக் கொக்கியில் கட்டப்பட்டிருக்கிறது. அது சமதரையில் சுமையை இழுக்க அமைந்தது, புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும் விசைக்கு அமைந்ததன்று. பிய்ந்த கொக்கி பீரங்கிக் குண்டுபோல் பறக்கும். ஒருவர் மீதும் படாமல் போனது உங்கள் நல்வினை. வண்டியின் அடிச்சட்டத்தில் இதற்கென்று உள்ள இழுப்பு வளையத்தில் மட்டுமே கட்ட வேண்டும். சங்கிலி நீளாது என்பதால், அதைக்கொண்டு இழுக்கும் டிராக்டர் முதலில் தொய்வை மெதுவாக எடுத்து, பிறகு ஒரே சீராக நகர வேண்டும். பின்னால் வந்து பாய்ந்து இழுப்பது நெகிழும் கயிற்றுக்குரிய முறை. எதுவாயினும் கயிற்றின் நடுவே நனைத்த சாக்கு ஒன்றைப் போட்டு, கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்குக்குள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் வண்டி மாட்டிக்கொண்டால் வேடிக்கை பார்க்க முதலில் வருபவர்கள் சிறுவர்கள்தான்.

டிராக்டரைக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லையென்றால் உடனே காலை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றும் உங்களை இன்னும் ஆழமாக இறக்குகிறது. களிமண் சக்கரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால், நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் சரிவாகத் தோண்டி, அச்சு மண்ணில் அமர்ந்திருந்தால் அதன் அடியிலும் மண்ணை எடுத்து, காற்று புக வழி செய்ய வேண்டும். பிறகு தென்னை மட்டைகளைக் குறுக்காக அடுக்கி, மேலே வைக்கோலைப் பரப்பி, நான்கு சக்கர லோ கியரில் இரண்டாவது பல்லைப் போட்டு மெல்ல எடுங்கள். முதல் பல்லில் விசை மிகுந்து சக்கரம் மீண்டும் சுழலும். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பது பெரும்பாலும் எளிது.

சக்கரக் காற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணலில் காற்றழுத்தத்தை 15–18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைப்பது நன்மை தரும். களிமண்ணில் 20க்குக் கீழே போக வேண்டியதில்லை. சீமைக் கருவேலம் மண்டிய பாதையில் நான் காற்றைக் குறைப்பதே இல்லை, ஏனெனில் தொய்ந்த டயரின் பக்கவாட்டுச் சுவரில் முள் ஏறினால் அதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. கூண்டுச் சக்கர டிராக்டர்கள் உழுதுவிட்டுத் திரும்பிய பாதையில், அந்தச் சக்கரங்கள் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்காமல், நடு மேட்டில் ஒரு பக்கச் சக்கரத்தையும் ஓரத்தில் மறுபக்கச் சக்கரத்தையும் வைத்து ஓட்டுங்கள். டிராக்டரின் உயரம் உங்கள் ஜீப்புக்கு இல்லை. இழுக்க வந்த டிராக்டர்காரருக்கு டீசலுக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாமென்று சொல்வார், கொடுங்கள்.

கேள்வி: நான் கண்டுபிடித்த பாதையின் ஜி.பி.எஸ். தடப் பதிவை எல்லோரும் பயன்படுத்தும்படி இணைய வரைபடத்தில் ஏற்றலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: பதிவேட்டில் வண்டிப்பாதை என்றிருந்தால் ஏற்றலாம். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மண் பாதைகளை ஐந்து தரங்களாகப் பிரிக்கும் முறை உண்டு. மழையில் குழையும் நம் களிமண் பாதைகளுக்கு மிக மென்மையான ஐந்தாம் தரத்தையே கொடுங்கள். கோடையில் இறுகியிருந்த நாளைப் பார்த்து இரண்டாம் தரம் என்று எழுதினால், ஐப்பசியில் அதை நம்பி வருபவர் அங்கேயே இரவைக் கழிப்பார். பட்டா நிலத்தின் வழியாகவோ வாய்க்கால் கரையின் வழியாகவோ ஒருவருடைய அனுமதியில் சென்றிருந்தால் ஏற்றாதீர்கள். அந்த அனுமதி உங்களுக்குக் கொடுத்தது.